லண்டனில் துங்கு பேசியது, கிள்ளானில் நம்மவர் கேட்டது

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் ஒரு காப்பிக் கடையில் உட்காராமல் நாம் திரும்புவதில்லை. அங்கே உட்கார்ந்தால் தோட்டத்துச் சேதி தானாக வந்து சேரும். பேத்தி வீட்டுக்கு வந்தவர், கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கந்தசாமி கோயிலுக்கு வந்தவர் என்று தோட்டத்து முகங்கள் அங்கே எப்போதும் இரண்டு மூன்று இருக்கும்.

போன வாரம் அப்படி ஒரு பெரியவரைப் பார்த்தோம். வயது எண்பது. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டம் இன்றைக்கு இல்லை. பிரட்டுக்களம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பெரியவர் பத்திரிகையில் தென்னாப்பிரிக்காச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும் கேட்டார்:

"ஏன் தம்பி, இந்த ஊரு சாமான் எதுவும் நம்ம நாட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு துங்கு தடை போட்டாரே, ஞாபகம் இருக்கா? அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. கிராணி பத்திரிகையைப் படிச்சுச் சொன்னாரு. எங்கப்பா என்னா கேட்டாரு தெரியுமா? 'துங்கு அங்க போயிக் கேட்டாரு, சரி. நாங்க தொரையைப் பாத்ததும் சைக்கிளை விட்டு எறங்கி நின்னோமே, அதை யாரு கேட்டா?' அப்படின்னாரு."

நாம் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி சிரிக்கிற கேள்வி அல்ல. வீட்டுக்கு வந்த பிறகும் அது நம்மை விடவில்லை. அதனால்தான் இந்த வாரம் இதையே எழுதுகிறோம். நம் பிள்ளைகளில் பலருக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

கரும்புக் காடும் கித்தாக் காடும்

தென்னாப்பிரிக்கா என்றால் ஏதோ தூரத்து நாடு என்று நினைக்க வேண்டாம். நம்முடைய பங்காளிகள் அங்கே இருக்கிறார்கள்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, 'துருரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் போய் இறங்கிய முதல் கப்பல் அதுதான். 1911-ல் அந்த ஆள்கட்டு நிற்பதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அவர்களில் பெரும் பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

அதே மண்ணிலிருந்து, அதே பஞ்சத்தால், அதே கடனால் விரட்டப்பட்டு நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் வந்து இறங்கினார்கள். அண்ணன் மேற்கே போனான், தம்பி கிழக்கே வந்தான். ஒருவன் கையில் கரும்பு வெட்டும் கத்தி. இன்னொருவன் கையில் பால்மரம் சீவும் உளி. வேறு வித்தியாசம் பெரிதாக இல்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்க நினைத்தவன் வருஷத்துக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று நேட்டால் அரசு சட்டம் போட்டது. பல மாதக் கூலி அதற்கே போய்விடும். 1913-ல் காந்தியடிகள் நடத்திய போராட்டத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். பெண்கள் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் வாங்கிய நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் கண்ணை மூடினாள். வயது 16. தலைவரி அந்த வருஷமே எடுபட்டது.

ஆனால் நிறவெறி எடுபடவில்லை. 1948-ல் அங்கே தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு அது சட்டப் புத்தகத்தில் வரிசையாக ஏறியது. யார் எங்கே குடியிருக்கலாம், யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கலாம், யார் எந்தப் பஸ்ஸில் ஏறலாம், யார் யாரைக் கலியாணம் செய்யலாம், எல்லாவற்றையும் தோலின் நிறம் தீர்மானித்தது. கறுப்பர்கள் சொந்த நாட்டிலேயே 'பாஸ்' புத்தகம் இல்லாமல் நடமாட முடியாது. இந்தியர்களும் வீட்டையும் கடையையும் விட்டு வேறு பகுதிக்கு விரட்டப்பட்டார்கள்.

69 பிணங்கள்

1960 மார்ச் 21. ஷார்ப்வில் என்ற ஊரில் அந்தப் பாஸ் சட்டத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் போலீஸ் நிலையத்தின் முன்னால் கூடினார்கள். கையில் ஆயுதம் இல்லை. போலீஸ் சுட்டது. 69 பேர் செத்தார்கள். திரும்பி ஓடும்போது முதுகில் குண்டு வாங்கியவர்கள் அதில் பலர்.

உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. ஆனால் கண்டனம் என்பது வாய் வார்த்தை. வாய் வார்த்தைக்கு மேலே யார் போவது? பெரிய நாடுகளுக்கு அங்கே தங்கச் சுரங்கத்தில் பணம் இருந்தது. முதலீடு இருக்கிற இடத்தில் வாய் மெதுவாகத்தான் திறக்கும்.

வாயைத் திறந்தவை பெரும்பாலும் நேற்றுவரை அடிமைப்பட்டிருந்த சின்ன நாடுகள்தாம். அவற்றில் ஒன்று மலாயா.

மூன்று வயதுக் குழந்தை

அன்றைய மலாயாவை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். 1957 ஆகஸ்ட் 31-ல் மெர்டேக்கா கிடைத்தது. 1960-ல் அதற்கு இன்னும் மூன்று வயதுகூட நிரம்பவில்லை. 1948-ல் ஆரம்பித்த அவசரகாலம் முடியவில்லை. அது 1960 ஜூலை 31-ல்தான் முடிந்தது. நாட்டின் பாதுகாப்புக்குப் பிரிட்டிஷ் பட்டாளத்தை நம்பிய காலம் அது. கித்தாவும் ஈயமும்தான் நாட்டின் சோறு. பெரிய தோட்டங்களோ லண்டன் கம்பெனிகளின் கையில். கிள்ளான் ஆற்றோரத் தோட்டத்தில் காலையில் எடுத்த பாலின் லாபத்தை லண்டனில் உட்கார்ந்து எண்ணிய காலம்.

அப்படிப்பட்ட நாட்டின் பிரதமர், அதே லண்டனுக்குப் போய், வெள்ளைக்கார அரசு ஒன்றைப் பார்த்து, "நீ செய்வது தப்பு" என்று சொல்வதென்றால் அது சாமானியக் காரியமா?

துங்கு அப்துல் ரஹ்மான் அதைச் செய்தார். லண்டனுக்குப் புறப்படுவதற்கு முன்பே நம் நாடாளுமன்றம் நிறவெறியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. இப்போதுள்ள நாடாளுமன்றக் கட்டடம் அப்போது கிடையாது. ஜாலான் அம்பாங்கில் இருக்கும் துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில்தான் மக்களவை கூடிவந்தது. அந்தத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் துங்கு 1960 மே மாதம் காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டுக்குப் போனார்.

அந்த மாநாட்டில் ஓர் எழுதாத சட்டம் இருந்தது. ஓர் உறுப்பு நாட்டின் உள்விவகாரத்தை இன்னொரு நாடு பேசக்கூடாது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் அதன் அர்த்தம் என்ன? பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டியைப் போட்டு அடித்தாலும் "அது அவன் வீட்டு விவகாரம்" என்று கதவைச் சாத்திக்கொள்வதுதான்.

அன்று காமன்வெல்த்தில் இருந்தவை பத்தே நாடுகள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்தும் ஒரு பக்கம். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, கானா, மலாயா ஆகிய புதிதாக விடுதலை பெற்ற ஐந்தும் இன்னொரு பக்கம். தென்னாப்பிரிக்கப் பிரதமர் வெர்வூர்ட் அதற்கு முந்தைய மாதம்தான் துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் வெளிநாட்டு அமைச்சர் எரிக் லூ.

துங்கு பிரச்சினையைக் கிளப்பினார். மாநாட்டு மேசையில் வேண்டாம், தனியாகப் பேசிக்கொள்ளுங்கள் என்று சமரசம் செய்தார்கள். தனியாகப் பேசிப் பார்த்தும் லூவின் பதில் துங்குவுக்குத் திருப்தி தரவில்லை. மூடிய கதவுக்குள் பேசியது மூடிய கதவுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று துங்கு இருந்துவிடவில்லை. தம் அதிருப்தியைப் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஊர் திரும்பிய பிறகு, அதே 1960-ல், தென்னாப்பிரிக்கச் சாமான்களுக்கு மலாயா தடை போட்டது.

நம் பெரியவர் சொன்ன தடை இதுதான்.

ஒன்று சேர்ந்தபோது

இதற்கு முன்னால் வழி காட்டியது இந்தியா. சுதந்திரம் கைக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே, 1946-லேயே, இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தை நிறுத்தியது. அதே வருஷம் அங்குள்ள இந்தியர்களின் நிலைமையை ஐ.நா. சபையின் முன் கொண்டுபோய் வைத்தது. அங்கே வாதாடியவர் விஜயலட்சுமி பண்டிட். ஆனால் அன்று இந்தியாவின் பக்கத்தில் நிற்கச் சின்ன நாடுகள் அதிகம் இல்லை. பாதி உலகம் இன்னும் காலனியாகவே கிடந்தது.

1960 வந்தபோது நிலைமை வேறு. அந்த ஒரே வருஷத்தில் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை அடைந்தன. கொடிகள் இறங்கின, கொடிகள் ஏறின. ஐ.நா.வில் நாற்காலிகள் கூடின.

தென்னாப்பிரிக்கா 1960 அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்தித் தன்னைக் குடியரசாக மாற்றிக்கொள்ள முடிவு செய்தது. அதில் வெள்ளையர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. குடியரசாக மாறினால் காமன்வெல்த்தில் தொடர்ந்து இருக்க மற்ற உறுப்பினர்களின் சம்மதம் வேண்டும். அதுதான் அதன் காலில் தடுக்கிய கல்.

1961 மார்ச்சில் மறுபடி லண்டன் மாநாடு. இம்முறை வெர்வூர்ட் தாமே வந்தார். எதிரில் இருந்தவர்களைப் பாருங்கள்: இந்தியாவின் நேரு, மலாயாவின் துங்கு, கானாவின் நிக்ருமா, பாகிஸ்தானின் அயூப்கான், இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்க, புதிதாகச் சேர்ந்த நைஜீரியாவின் தஃபாவா பலேவா. ஒருவருக்கொருவர் ஆயிரம் மனஸ்தாபம் உண்டு. காஷ்மீர் விஷயத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் கீரியும் பாம்புமாக இருந்தவை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரே வாய். வெள்ளையர் நாடுகளில் கனடாப் பிரதமர் டீஃபன்பேக்கர் இவர்கள் பக்கம் வந்து நின்றார். வெளியே நின்ற தங்கனீக்காவின் நைரேரேயும் தம் நிலையை எழுதிவிட்டார்: தென்னாப்பிரிக்கா உள்ளே இருந்தால், நாளை விடுதலை பெறும் தம் நாடு உள்ளே வராது.

1961 மார்ச் 15. வெர்வூர்ட் தம் விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. உட்கார முடியாத இடத்தில் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? எழுந்து போனார்.

தோழர்களே, இதை நம் தோட்டத்துக் கண்ணால் பாருங்கள். ஒரு தொழிலாளி தனியாக ஆபீசுக்குப் போய் நியாயம் கேட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். "நாளைக்கு வா" என்பார்கள். "உனக்கு வேலை வேணுமா வேணாமா" என்பார்கள். அதே நியாயத்தைச் சங்கமாகப் போய்க் கேட்டால் நாற்காலி போடுவார்கள். நாடுகளுக்கும் அதே கணக்குத்தான். மலாயா தனியாக ஒரு சின்ன நாடு. ஆறேழு பேர் சேர்ந்து நின்றபோது உலகம் காது கொடுத்தது. தனி மரம் தோப்பாகாது என்று நம் பாட்டிமார் சொன்னது லண்டன் மாநாட்டுக்கும் பொருந்தியது.

பெரியவர்கள் வராத கமிட்டி

கதை அதோடு முடியவில்லை. 1962 நவம்பர் 6-ந் தேதி ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானம் போட்டது. தென்னாப்பிரிக்காவோடு தூதரக உறவையும் வாணிபத்தையும் நிறுத்துங்கள், கப்பல்களுக்குத் துறைமுகத்தை மூடுங்கள் என்று எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. நிறவெறியைக் கண்காணிக்க ஒரு தனிக் கமிட்டியும் அமைத்தது.

அந்தக் கமிட்டியில் சேர மேற்கத்திய வல்லரசுகள் ஒன்றும் முன்வரவில்லை. 11 நாடுகள்தாம் முதலில் உட்கார்ந்தன: அல்ஜீரியா, கோஸ்டாரிக்கா, கானா, கினி, ஹைட்டி, ஹங்கேரி, மலாயா, நேப்பாளம், நைஜீரியா, பிலிப்பைன்ஸ், சோமாலியா. பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் ஏழை நாடுகள், இளம் நாடுகள். சிலவற்றின் பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். 1963 ஏப்ரலில் அந்தக் கமிட்டி வேலையைத் தொடங்கியது. கோடீஸ்வரன் வராவிட்டால் கோயில் திருவிழா நிற்பதில்லை அல்லவா? ஆளுக்கு ஒரு வெள்ளி போட்டுக் கூழ் ஊற்றுவதில்லையா நாம்? அதுபோலத்தான்.

அதே நாட்களில் நம் துறைமுகமும் ஒரு காட்சியைக் கண்டது. 1960-ல் விடுதலை பெற்ற சில நாட்களிலேயே காங்கோ உள்நாட்டுக் குழப்பத்தில் விழுந்தது. ஐ.நா. அமைதிப்படைக்கு மலாயாவும் வீரர்களை அனுப்பியது. அவர்கள் கப்பல் ஏறியது போர்ட் சுவெட்டன்ஹாமில். 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய அதே துறைமுகம்தான். நம் முன்னோரைக் கூலிகளாக இறக்கிவிட்ட அதே கரையிலிருந்து, இன்னொரு புது நாட்டுக்குக் காவல் நிற்க ஆட்கள் புறப்பட்டார்கள்.

சைக்கிளை விட்டு இறங்கியவர்கள்

இனி பெரியவரின் அப்பா கேட்ட கேள்விக்கு வருவோம். துங்கு லண்டனில் கேட்டார். நம்மை யார் கேட்டார்கள்?

நேர்மையாகச் சொன்னால், நம்மை நாமே கேட்டோம். அதுவும் துங்கு லண்டனுக்குப் போவதற்கு 19 வருஷத்துக்கு முன்பே!

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றித் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், தமிழ்ப் பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச். நாதனும் முன்னின்ற போராட்டம் அது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஒழுங்கான மருத்துவம் வேண்டும் என்றார்கள். எங்கள் பெண்களிடம் வாலாட்டாதே என்றார்கள். அந்தக் கோரிக்கைகளுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து!

கூலிக்காக மட்டும் நடந்த போராட்டமா அது? மனுஷனை மனுஷனாகப் பார் என்று கேட்ட போராட்டம். தென்னாப்பிரிக்காவில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று பலகை வைத்தார்கள். இங்கே பலகை இல்லை. ஆனால் நம் ஆள் சைக்கிளை விட்டு இறங்கினான். பலகையும் இறக்கமும் ஒரே விதையில் முளைத்தவை.

பதில் என்ன கிடைத்தது? நாதனைப் பிடித்தார்கள். நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை போட்டு இந்தியப் பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் ஐந்து பேர் செத்தார்கள். நம்மைச் சுடவும் நம் நாட்டு ஆளையே கொண்டுவந்தான் வெள்ளைக்காரன். அன்று நமக்காகப் பேச உலகத்தில் ஒரு சுதந்திர நாடுகூட எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் நம்மைப் போன்றவர்களுக்கு அன்று சுதந்திர நாடே இல்லை.

ஆகவேதான் 1960-ல் துங்கு பேசியது நம்மவருக்குப் பெரிதாகப்பட்டது. அந்தக் குரலுக்குப் பின்னால் கிள்ளானில் செத்தவர்களின் குரலும் இருந்தது என்று சொன்னால் அது மிகையல்ல.

வெளியே நியாயம், உள்ளே?

ஆனால் பாதி உண்மையைச் சொல்லி நிறுத்தினால் அது இந்தப் பகுதிக்கு அழகல்ல.

தென்னாப்பிரிக்கா அன்று நமக்குப் பெரிய வாடிக்கைக்காரரும் அல்ல, பெரிய கடைக்காரரும் அல்ல. அந்தத் தடையால் நம் கஞ்சியில் உப்புக் குறையவில்லை. தூரத்து அநியாயத்தைக் கேட்பது சுலபம். வீட்டு அநியாயத்தைக் கேட்பதுதான் கஷ்டம்.

துங்கு லண்டனில் பேசிய அதே நாட்களில் இங்கே தோட்டத் துண்டாடல் நடந்துகொண்டிருந்தது. கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் ஏக்கர் ஏக்கராக அறுத்து விற்றார்கள். லயத்துக் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அதற்குப் பதிலாக 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தொழிலாளர்களே தோட்டம் வாங்க வழி செய்தார். நினைத்துப் பாருங்கள், பத்து வெள்ளிக்காரர்கள் சேர்ந்து கம்பெனித் தோட்டத்தை வாங்கினார்கள். சின்னவர்கள் ஒன்று சேர்ந்த கதைதான் இதுவும்.

1969-க்குப் பிறகு இன்னொரு அடி விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. சிவப்பு ஐ.சி. வைத்திருந்த நம்மவர்கள் திகைத்துப் போனார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும் பேப்பர் சரியில்லாதவர்கள், மனு எழுதத் தெரியாதவர்கள், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள். பல ஆயிரம் பேர் சட்டி பானையை விற்றுவிட்டு ரஜூலா கப்பல் ஏறினார்கள்.

காப்பிக் கடைப் பெரியவருக்கு அது கேள்விப்பட்ட கதை அல்ல. அவருடைய சித்தப்பா அப்படிப் போனவர். "போர்ட்ல போயி வழியனுப்பினோம் தம்பி. கையில ஒரு டிரங்குப் பெட்டி. உளியை மட்டும் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாரு. அங்க பால்மரமே இல்லாத ஊருக்கு எதுக்கு உளின்னு எங்கம்மா அழுதாங்க. ரெண்டு கடுதாசி வந்துச்சு. அப்புறம் இல்ல."

உலக அரங்கில் நியாயம் பேசிய நாடு, தன் கித்தாவைச் சீவிய கைகளை அப்படி அனுப்பியிருக்க வேண்டாம். இதைச் சொல்வதால் துங்கு லண்டனில் செய்தது சின்னதாகிவிடாது. இரண்டும் உண்மை. பெருமையையும் சொல்ல வேண்டும், வலியையும் சொல்ல வேண்டும்.

நம் சங்கக்காரர் உட்கார்ந்த நாற்காலி

அரசுகள் மட்டுமா பேசின? நம்மவர்களும் பேசினார்கள். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கத்தின் பொதுச்செயலாளராக இருந்த பி.பி. நாராயணன் 1975-ல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1992 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்தச் சம்மேளனம் நிறவெறிக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கங்களுக்குக் கைகொடுத்த அமைப்பு. பால்மரம் சீவுகிறவர்களின் சங்கத்தை நடத்திய ஒருவர் உலகத் தொழிலாளர்களின் தலைமை நாற்காலியில் 17 வருஷம் உட்கார்ந்திருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

அங்கேயும் பாருங்கள். 1985-ல் கொசாட்டு என்ற பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு பிறந்தது. அதன் முதல் பொதுச்செயலாளர் ஜே நாயுடு, ஒப்பந்தக் கூலியாகத் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பத்து வாரிசு. கரும்புக் காட்டுப் பேரன் அங்கே, கித்தாக் காட்டுச் சங்கத் தலைவர் இங்கே.

1990-ல் நெல்சன் மண்டேலா 27 வருஷச் சிறைவாசத்திலிருந்து வெளியே வந்தார். அதே வருஷம் கோலாலம்பூருக்கும் வந்தார். 1994 ஏப்ரலில் எல்லா நிறத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் நடந்தது. அவர் ஜனாதிபதியானார். ஜே நாயுடு அவருடைய மந்திரிசபையில் அமர்ந்தார். தென்னாப்பிரிக்கா மறுபடி காமன்வெல்த்துக்குள் வந்தது. 1961-ல் எழுந்து போன நாற்காலிக்குத் திரும்பி வர 33 வருஷம் பிடித்தது.

33 வருஷம்! ஒரு மரத்தை நட்டு, பால் எடுத்து, பட்டை தீர்ந்து, வெட்டிச் சாய்க்கிற காலம். லண்டனில் ஒரு நாள் பேசியதால் நிறவெறி சாகவில்லை. அங்குள்ள மக்கள் சிறை போனார்கள், குண்டடிபட்டார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளியே இருந்த சின்ன நாடுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டும் சேர்ந்துதான் வென்றது.

இன்றைக்கு நம் பக்கத்தில் நிற்பவன்

கடைசியாக ஒரு வார்த்தை. இது கொஞ்சம் கசக்கலாம்.

இன்றைக்குச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்கள் யார்? இந்தோனேசியாவிலிருந்து வந்தவன், வங்காளதேசத்திலிருந்து வந்தவன், நேப்பாளத்திலிருந்து வந்தவன். நாம் விட்டுவந்த லயத்தில் இன்று அவன் படுக்கிறான். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜென்டுக்குப் பணம் கட்டி வந்திருக்கிறான். நம் பாட்டன் கங்காணியிடம் பட்ட கடன் மாதிரியே.

அவனைப் பற்றி நம்மவர்கள் சிலர் பேசுவதைக் காப்பிக் கடைகளில் கேட்டிருக்கிறோம். "இவனுங்க வந்துதான் நம்ம பொழப்பு போச்சு" என்கிறார்கள். அந்த வயிற்றெரிச்சல் நமக்குப் புரியாமல் இல்லை. ஆள் மலிவாகக் கிடைத்தால் கூலி உயராது என்பது உண்மைதான். ஆனால் கூலியைக் குறைத்தவன் அவன் அல்ல. 1941-லும் சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, நமக்கு ஒரு கூலி என்று பிரித்து வைத்தார்கள். நம்மவர்கள் சீனன் கூலியைக் குறை என்று கேட்கவில்லை. எங்களுக்கும் அதையே கொடு என்றுதான் கேட்டார்கள். அதுதான் விவேகம்.

அவனுடைய பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருந்தால் அது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்று நமக்குத் தெரிந்தால், அவனுக்கும் சொல்வோம். வெளிநாட்டுத் தொழிலாளி சங்கத்தில் உறுப்பினராகச் சட்டம் தடை சொல்லவில்லை என்று தெரிந்தால், அதையும் சொல்வோம். "அது அவன் விவகாரம்" என்று சொன்னால், லண்டனில் அந்த எழுதாத சட்டத்தைப் பிடித்துத் தொங்கியவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இதைப் பெரியவரிடம் கேட்டோம். அவர் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"எங்க தோட்டத்துல கடைசி வருஷம் ஒரு வங்காளப் பையன் எனக்குப் பக்கத்து நெரையில சீவினான். பட்டையை ஆழமா வெட்டி மரத்தைக் காயப்படுத்திக்கிட்டே இருந்தான். மண்டோர் கத்துவாரு. நான் கையைப் பிடிச்சுக் காட்டிக் கொடுத்தேன். பாஷை தெரியாது. உளி புடிக்கிற கைக்குப் பாஷை எதுக்கு? போகும்போது 'அப்பா'ன்னு கூப்பிட்டான் தம்பி."

காப்பிக்குக் காசு கொடுக்கப் போனோம். பெரியவர் விடவில்லை. நம் காப்பிக்கும் சேர்த்து அவரே கொடுத்துவிட்டுப் போனார்.